சும்மா ஒரு நேரலை

2008-ஆம் ஆண்டு புதுக் கைபேசி வாங்கி, அதில் நேரலை செய்ய முடியும் என்று கண்டுபிடித்தவர்கள் முதலில் எதைக் காட்டினார்கள் என்று யாராவது கணக்கெடுத்திருந்தால், மேசைதான் ஜெயித்திருக்கும். மேசை, மேசைமேல் ஆறிப்போன காப்பி, அதைத் தாண்டி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் நடக்காத தெரு. பின்னால் ஒரு குரல் மட்டும்: “தெரியுதா? இப்ப தெரியுதா?” உலகத்தின் வேறொரு மூலையிலிருந்து ஒரு நண்பன், “தெரியுது, கொஞ்சம் இருட்டா இருக்கு” என்று தட்டச்சு செய்து அனுப்புவான். நிகழ்ச்சி நிறைவுற்றது.

இன்று கும்பாபிஷேகம், கட்சி மாநாடு, கல்யாணம், மீன் ஏலம் எல்லாம் கைபேசியிலிருந்து நேரலையாகப் போகின்றன. இந்த வழக்கம் எப்படிப் பிறந்தது என்று எழுத வருகிறவர்கள் போராட்டங்களிலிருந்தும் போர்களிலிருந்தும் தொடங்குவார்கள். அவை வந்தது பின்னால். முதலில் வந்தது அந்த மேசை. அதற்கும் முன்னால் வந்தது ஒரு காப்பிப் பானை.

பானை இருந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ‘ட்ரோஜன் ரூம்’ என்று பெயர் வைத்திருந்த அறைக்கு வெளியே. ஆய்வாளர்கள் வெவ்வேறு மாடிகளில் உட்கார்ந்திருந்தார்கள். படியேறி, இறங்கி, கோப்பையோடு வந்து பார்த்தால் பானை காலியாக இருக்கும். இந்தத் துயரம் தாங்காமல் 1991-இல் குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் பானைக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, அதன் படத்தை ஆய்வகத்தின் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரு மூலையில் தெரியும்படி செய்தார்கள். 128-க்கு 128 பிக்சல், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று படம். பானை நிரம்ப எப்படியும் நேரமாகுமே, அதற்கு இந்த வேகம் போதும் என்று விட்டுவிட்டார்கள். 1993 நவம்பரில் அதே படம் இணையத்துக்கு வந்தது. தங்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காத காப்பியை உலகம் முழுவதிலுமிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆய்வகம் இடம் மாறியதால் 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்தினார்கள். கடைசிப் படத்தில் தெரிவது பானை அல்ல, கணினியின் பொத்தானை அழுத்தப் போகும் விரல்கள். பானை ஈபே ஏலத்துக்குப் போனது. ஜெர்மனியின் ஷ்பீகல் பத்திரிகையின் இணையப் பதிப்பு 3,350 பவுண்டு கொடுத்து எடுத்துக்கொண்டது.

கேமரா இருந்தது, இணையம் இருந்தது. இரண்டும் சுவரோடு கட்டிப் போடப்பட்டிருந்தன. அவற்றைச் சட்டைப்பைக்குக் கொண்டுவருவதுதான் மீதி வேலை. அதற்குப் பதினைந்து வருஷம் பிடித்தது.

கைபேசிக்குக் கண் வந்த கதை நடந்தது ஒரு பிரசவ வார்டில். 1997 ஜூன் 11, கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸ். போர்லாண்ட் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிலிப் கான், மனைவிக்கு வலி எடுத்திருக்கும்போது, ஒரு கேசியோ டிஜிட்டல் கேமராவையும் மோட்டோரோலா ஸ்டார்டேக் கைபேசியையும் மடிக்கணினியையும் ஒயர் போட்டு இணைத்துக்கொண்டிருந்தார். மனைவி என்ன சொன்னார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மகள் பிறந்ததும் எடுத்த படம் அந்த இணைப்பு வழியாக உடனே இரண்டாயிரம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருஷத்தில் ஜப்பானில் கியோசெரா நிறுவனம் முகத்தைப் பார்க்கும் கேமராவோடு வி.பி.-210 என்ற கைபேசியை விற்கத் தொடங்கியது. அதில் முகம் நொடிக்கு இரண்டு படமாக அசையும். பொம்மலாட்டத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பிறகு 3ஜி வந்தது. தொலைபேசி நிறுவனங்கள் இதை வைத்து வீடியோ அழைப்பு விற்கலாம் என்று கணக்குப் போட்டன. அந்த அழைப்பு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு தனித்தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும். நிமிடக் கணக்கில் காசு. பார்ப்பவர் ஒருவர், காட்டுபவர் ஒருவர். ஒருவர் காட்ட ஊரே பார்க்கலாம் என்ற யோசனை அந்த நிறுவனங்களுக்கு வரவில்லை, அல்லது வந்தும் பில் போட வழி தெரியாமல் விட்டிருக்கலாம். அவர்கள் போட்ட சாலையில் வெளியாள் வண்டி ஓட்டினான்.

அந்த வெளியாட்களில் ரொம்பவும் வெளியாள், ஜஸ்டின் கான். (முந்தைய கானுக்கு உறவில்லை.) 2007 மார்ச் 19 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில், இவர் ஒரு கேமராவைத் தொப்பியில் மாட்டிக்கொண்டு தன் வாழ்க்கையை இருபத்து நான்கு மணி நேரமும் ஒளிபரப்பத் தொடங்கினார். ஜஸ்டின்.டிவி என்று பெயர். முதுகுப் பையில் ஒரு கணினியும் பல செல்பேசி மோடம்களும். ஒரு மோடத்தால் அவ்வளவு படத்தைத் தள்ள முடியாது என்பதால் பலவற்றைச் சேர்த்துக் கட்டியிருந்தார் அவருடைய கூட்டாளி கைல் வோக்ட். பல் தேய்ப்பது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாமே நிகழ்ச்சிதான். தூங்கும்போதும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. பார்ப்பவர்களுக்குச் சலித்துப்போனதால் அவர்களே கதையை நகர்த்தினார்கள்: அந்த வீட்டில் ஆபத்து என்று போலீசுக்குப் பொய்யாகப் போன் செய்ய, துப்பாக்கியோடு போலீஸ் வந்து நின்றது, அதுவும் நேரலையில்.

இதே சமயத்தில்தான் நோக்கியா என்95 கடைக்கு வந்தது. 2006 செப்டம்பரில் அறிவிப்பு, 2007 மார்ச்சில் விற்பனை. ஜஸ்டின் முதுகில் சுமந்த மூட்டை, ஏறத்தாழ முழுசாகவே, இந்த ஒரு கைபேசிக்குள் அடங்கியிருந்தது. கார்ல் சைஸ் லென்ஸ், 5 மெகாபிக்சல், நொடிக்கு 30 படம் வீதம் 640-க்கு 480 அளவில் வீடியோ, வைஃபை, 3ஜி, ஜிபிஎஸ். மேலே தள்ளினால் எண்கள், கீழே தள்ளினால் பாட்டுக்கான பொத்தான்கள். எங்கள் தலைமுறைக்கு அந்தத் தள்ளுகிற ‘க்ளக்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் நேரலை பிறந்ததற்குக் காரணம் லென்ஸ் மட்டுமில்லை. அதன் சிம்பியன் இயங்குதளம், யாரோ வெளியில் எழுதிய ஒரு செயலி கேமராவையும் இணைய இணைப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ள விட்டது. அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் ஐபோனில் வீடியோ எடுக்கவே முடியாது. 2009-இல் 3ஜிஎஸ் வரும்வரை இதே நிலைதான். ‘பட்டன் போன்’ என்று பிறகு கேலி செய்யப்பட்ட ஒன்றில்தான் இந்தக் குழந்தை பிறந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

குறைகளும் சொல்லி மாளாதவை. பேட்டரி 950 மில்லி ஆம்பியர்-மணி. நேரலையில் போட்டால் கைபேசி இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடேறும், சார்ஜ் கண்ணெதிரே இறங்கும். செயலியை ஏற்றப் போனால் ‘சான்றிதழ் காலாவதி’ என்று மூஞ்சியில் அடிக்கும். இதற்கு ஊரறிந்த வைத்தியம் ஒன்று இருந்தது: கைபேசியின் தேதியைச் சில மாதம் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஏற்றுவது. ‘இந்த நொடியே’ காட்டப் போகும் கருவியை முதலில் போன மாதத்துக்குக் கூட்டிப் போனோம்.

சேவைகள் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் முளைத்தன. 2007-இல் ஸ்வீடனில் மான்ஸ் ஆட்லர், யோனாஸ் விக் இருவரும் தொடங்கிய பாம்பூசர். இஸ்ரேலிலிருந்து ஃப்ளிக்ஸ்வேகன். ராமு சுங்கரா, பாஸ்கர் ராய், நிகோலாய் அப்கைரோவ் சேர்ந்து கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிக். யூஸ்ட்ரீம் கணினிக்காகப் பிறந்து பிறகு கைபேசிக்கு வந்தது. ஈராக்கில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டாரோடு பேசட்டும் என்று ராணுவக் கல்லூரித் தோழர்கள் இருவர் போட்ட யோசனையிலிருந்து வந்தது அது. எல்லாமே இலவசம். கைபேசி படத்தைச் சுருக்கி மேலே அனுப்பும். அவர்களுடைய சர்வர் அதை வாங்கி, ஃப்ளாஷ் வடிவத்துக்கு மாற்றி, பார்க்கிற எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் கொடுக்கும். ஆயிரம் பேர் பார்த்தால் ஆயிரம் பிரதி. அந்த ஆயிரத்துக்கும் செலவு அவர்களுடையது, வரவு யாருக்கும் இல்லை. முதலீட்டாளர் காசில் ஊருக்கே பந்தல் போட்ட காலம் அது.

2008 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டுக்குப் போன ராபர்ட் ஸ்கோபிள் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர், கையில் என்95-ஐ வைத்துக்கொண்டு கிக் வழியாக அங்கே எதிர்ப்பட்டவர்களையெல்லாம் காட்டினார். பெரிய தொலைக்காட்சிகள் கேமராவும் விளக்கும் வேனுமாக நின்ற இடத்தில் ஒருவர் கைபேசியை நீட்டிக்கொண்டு நடந்துபோவது அன்று வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வேனில் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. பார்ப்பவர்கள் எழுதி அனுப்பிய கேள்விகள் அவருடைய கைபேசித் திரையிலேயே வந்தன. அதைப் பார்த்து எதிரே இருப்பவரிடம் கேட்டார். தொலைக்காட்சிக்குள் பார்வையாளன் கையை விட முடிந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் உண்மையாகவே புதிதாகப் பிறந்தது இது ஒன்றுதான். படம் அனுப்பும் வித்தை தொலைக்காட்சிக்கு முன்பே தெரியும்.

எனக்கு என்95 வந்து சேர்ந்தது 2009-இல், சென்னை பர்மா பஜாரிலிருந்து, யாரோ தள்ளித் தள்ளித் தேய்த்து முடித்த நிலையில். அதைப் பாளையங்கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய், வைஃபையில் இணைத்து, மொட்டை மாடியில் என் முதல் நேரலையைத் தொடங்கினேன். அன்றைய இந்தியாவில் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். ஆச்சி கூழ்வற்றல் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காட்டுவதற்கு வேறெதுவும் அகப்படவில்லை. பெங்களூரில் அத்தை மகன் ஒருவன்தான் பார்வையாளன்.

“என்னல அது, போட்டோவா?”

“இல்ல ஆச்சி, டிவி மாதிரி. நீ இங்க பிழியுறது பெங்களூர்ல இப்பவே தெரியும்.”

“வத்தலப் பாத்து அவன் என்ன செய்யப் போறான்? வந்து திங்கச் சொல்லு.”

கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கா வந்து இறங்கி, ஒரு வற்றலைக் கொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்தது. ஆச்சி குச்சியை ஓங்கி, அதைத் திட்டி முடித்து, அடுத்த வற்றலையும் பிழிந்துவிட்டாள். அதன் பிறகுதான் என் திரையில் அத்தை மகனின் செய்தி வந்தது: “காக்கா! காக்கா!”

அந்தத் தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. இணைப்பு எப்போது திக்கும் எப்போது ஓடும் என்று தெரியாததால், படத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் எல்லோரும் அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். கைபேசி கொஞ்சம் சேர்க்கும், சர்வர் வடிவம் மாற்றக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், பார்ப்பவனுடைய கணினி கொஞ்சம் இருப்பு வைக்கும். வாய்க்கால் பாசனத்தில் ஒவ்வொரு மடையிலும் தண்ணீர் தேங்கி நிரம்பிய பிறகே அடுத்த வயலுக்குப் போவது மாதிரி. அப்படிச் சேர்த்து வைக்காவிட்டால் படம் நொடிக்கொரு முறை உறைந்து நிற்கும். சேர்த்து வைத்தால் காக்கா போய்விடும். இன்றுவரை நேரலைப் பொறியாளர்கள் மாரடிப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் போட்ட பிறகு நம் கைபேசியில் விக்கெட் விழுவதும் இதே கணக்கு.

வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனால் இலவசத்தின் இன்னொரு முகம் தெரியும். என்95-இன் 3ஜி மேல்நோக்கி அனுப்பக்கூடிய உச்ச வேகம் நொடிக்கு 384 கிலோபிட். ஒரு மணி நேரம் அந்த வேகத்தில் அனுப்பினால் சுமார் 173 எம்பி. அப்போது நம் ஊரில் செல்பேசி இணையத்துக்குப் பரவலாக இருந்த விலை 10 கேபிக்கு 10 பைசா. பெருக்கிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 1,700 ரூபாய்க்கு மேல். சேவை இலவசம், செயலி இலவசம், ஆச்சி இலவசம், சாலைக்குத்தான் சுங்கம். ஒரு தேர்த் திருவிழாவில் இதை மறந்து இருபது நிமிடம் கைபேசியை உயர்த்திப் பிடித்தேன். வேகம் கிடைக்காததால் படம் பாதி நேரம் வெறும் கட்டம் கட்டமாகவே தெரிந்தது என்று பிறகு சொன்னார்கள். மாதக் கடைசியில் வந்த பில் மட்டும் தெளிவாக இருந்தது. தனியாருக்கான 3ஜி ஏலமே 2010-இல்தான் நடந்தது. சுமார் 51,000 கோடி ரூபாய்க்கு. அவ்வளவு கொடுத்து எடுத்தவர்கள் மலிவாகக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை உடைத்த பிறகுதான் தேர், திருவிழா, தெருச்சண்டை எல்லாம் நம் ஊரில் தாராளமாக நேரலைக்கு வந்தன.

மற்ற இடங்களில் அதற்குள் மேசையும் வற்றலும் பின்னால் போய்விட்டன. 2011 ஜனவரியில் எகிப்தில் மக்கள் தெருவுக்கு வந்தபோது கைபேசிகள் பாம்பூசர் வழியாகக் கூட்டத்தைக் காட்டின; அரசு அந்தச் சேவையை முடக்கியது. 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் எண்ணெய்க் குழாய் பற்றி எரிந்து கரும்புகை எழுந்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்களால் எளிதில் நுழைய முடியாத ஊர். அங்கே இருந்த ஒருவர் அந்தப் புகையைப் பாம்பூசரில் நேரலையாகக் காட்ட, உலகின் பெரிய செய்தித் தொலைக்காட்சிகள் அதை அப்படியே எடுத்து ஓட்டின. சிரியாவிலும் சேவை முடக்கப்பட்டது. பதிவு செய்த வீடியோ என்றால் கைபேசியைப் பிடுங்கினால் அழிந்துவிடும். நேரலையில் போனதோ, கைபேசி உடைந்த பிறகும் நாட்டுக்கு வெளியே ஒரு சர்வரில் இருக்கும். அந்த ஊர்களில் அன்று அதை உயர்த்திப் பிடித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆனால் இதைச் செய்த மென்பொருளைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து அந்த நிலைக்குக் கொண்டுவந்தது மேசையைக் காட்டிய சோம்பேறிகள்தான். எங்கே திக்குகிறது, எந்தக் கைபேசியில் ஒலி முந்துகிறது, இணைப்பு அறுந்தால் மீண்டும் எப்படி ஒட்டவைப்பது என்பதெல்லாம் “தெரியுதா, தெரியுதா” என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்யப்பட்டவை. அந்தச் சோம்பேறிகளில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பந்தல் போட்டவர்களுக்கு என்ன ஆனது? கிக்கை 2011-இல் ஸ்கைப் வாங்கியது, ஸ்கைப்பை அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் வாங்கியது, நடுவில் கிக் காணாமல் போனது. ஜஸ்டின்.டிவியில் விளையாட்டுப் பிள்ளைகள் தங்கள் வீடியோ கேமை ஒளிபரப்ப ஒதுக்கிய மூலை ட்விட்ச் என்று தனியாக வளர்ந்து, வீட்டையே விழுங்கியது. 2014-இல் அமேசான் அதற்குச் சுமார் 97 கோடி டாலர் கொடுத்தது. யூஸ்ட்ரீம் 2016-இல் ஐபிஎம் கைக்குப் போனது. பாம்பூசர் இப்போது கடைக்காரர்கள் நேரலையில் துணிமணி விற்க வசதி செய்து கொடுக்கும் நிறுவனம். இதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு, ஆனால் அவர்களும் வாடகை கட்ட வேண்டும். 2015 பிப்ரவரி கடைசியில் மீர்கேட் வந்தது, ஒரு மாதத்துக்குள் ட்விட்டரின் பெரிஸ்கோப் வந்து அதை ஓரங்கட்டியது. பேஸ்புக் வந்து இரண்டையும் ஓரங்கட்டியது. 2021 மார்ச் கடைசியில் பெரிஸ்கோப்பையும் மூடினார்கள். விளம்பரம் விற்கத் தெரிந்த இரண்டு மூன்று பெரிய கடைகளிடம் வந்து சேர்ந்த பிறகுதான் இலவசம் நிலையான இலவசம் ஆனது.

பெரிஸ்கோப் உச்சத்தில் இருந்த 2016-இல் அதற்கு இரண்டு பெரிய நாட்கள் வாய்த்தன. ஒன்று ஜூன் 22. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கேட்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குள் ஜனநாயகக் கட்சியினர் தரையில் உட்கார்ந்தார்கள். அவை ஒத்திவைக்கப்பட்டதால் சபையின் கேமராக்கள் அணைக்கப்பட்டன. உறுப்பினர்கள் தங்கள் கைபேசியிலேயே நேரலை போட, சபை நடவடிக்கையைக் காட்டுவதற்கென்றே இருக்கும் சி-ஸ்பான் தொலைக்காட்சி அந்தக் கைபேசிப் படத்தை எடுத்து ஒளிபரப்பியது.

மற்றது அதே ஆண்டு ஜனவரி 6. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு நடைபாதையில் மழைநீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஷூ நனையாமல் அதைக் கடக்க மனிதர்கள் படும் பாட்டை, எதிரே இருந்த அலுவலகத்தின் ஊழியர்கள் ஜன்னல் வழியே கைபேசியைச் சாய்த்து வைத்துக் காட்டினார்கள். ஓரமாகப் பம்முகிறவர், தாண்டிக் குதிப்பவர், பின்வாங்கிச் சுற்றிப் போகிறவர். ஒரே நேரத்தில் இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் கிளம்பி அந்த இடத்துக்கே வந்து, அலைச்சறுக்குப் பலகையோடு குட்டையில் இறங்கினார்கள். மாலைக்குள் ஒருவர் அந்தத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து விற்பனைக்கு வைத்துவிட்டார். காப்பிப் பானை விலைபோன அதே ஈபேயில்.